தெம்பு தர்ற நாவல் வேணும், தன்னம்பிக்கைப் புத்தகம் வேண்டாம்

பள்ளிக்கரணை நாரை (இழையைத் தொடங்கியவர்):

வணக்கம். நாவல் பரிந்துரை வேணும். கொஞ்சம் விவரமா கேட்கிறேன், பொறுத்துக்கோங்க.

ஆபீஸ்ல என்னைப் புனேவுக்கு மாத்துறாங்க. சம்பளம் கூடும், பொறுப்பும் கூடும். இங்கே சென்னையில அம்மா தனியா இருக்காங்க. முழங்கால் ஆபரேஷன் முடிஞ்சு இப்பதான் வாக்கர் இல்லாம நடக்கப் பழகுறாங்க. போறதா வேண்டாமான்னு நான்தான் முடிவெடுக்கணும், அதுக்கு இங்கே யோசனை கேட்கலை. தூக்கம் வராத ராத்திரியில படிக்கலாம்னு கையில எதை எடுத்தாலும் ஒண்ணு "எழுந்திரு, ஜெயி"ன்னு விரட்டுது, இல்லேன்னா படிச்சு முடிக்கிறதுக்குள்ள நெஞ்சு கனத்துப் போகுது.

நான் தேடுறது இதுதான். எந்தப் பக்கம் போனாலும் இழப்பு இருக்குன்னு தெரிஞ்ச ஒரு ஆள், ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுத்து, அதோட வாழணும். கஷ்டம் இருக்கட்டும். கடைசி அத்தியாயத்துல எல்லாம் பொய்யா சரியாகிட வேண்டாம். முடிச்சுட்டு மூடி வைக்கும்போது நாளைக்கு எழுந்திருக்கலாம்னு தோணணும், அவ்வளவுதான். இந்தக் காலத்து எழுத்துன்னா நல்லது. தமிழ்ல எழுதினதும் சரி, தமிழுக்கு வந்ததும் சரி.

கொரட்டூர் சைக்கிள்:

அக்கா, நாவலுக்கு முன்னாடி ஒரே ஒரு சிறுகதை. ஜெயமோகனோட 'அறம்' வரிசையில வர்ற 'சோற்றுக்கணக்கு'. 2011-ல அவரோட இணையதளத்துலேயே வந்தது, இப்பவும் அங்கே படிக்கலாம்.

வறுமையில இருந்து திருவனந்தபுரத்துக்குப் படிக்க வர்ற பையன். மாமா வீட்டுல தங்குறான், மாமி போடுற சோத்துல அவமானமும் சேர்ந்தே விழுது. அப்புறம் கெத்தேல் சாகிபு கடைக்குப் போறான். அங்கே காசு கேட்க மாட்டாங்க, ஒரு பெட்டி இருக்கும், முடிஞ்சதைப் போட்டுட்டுப் போகலாம். பல வருஷம் கழிச்சு வேலை கிடைச்சு, பணத்தோட வந்து அந்தப் பெட்டி நிறையுற வரைக்கும் திணிக்கிறான். சாகிபு முகத்துல ஒரு மாற்றமும் இல்லை, எப்பவும் போல சோத்தைப் போடுறார்.

எனக்கு அதைவிடப் பெரிசாப் படுறது அதுக்கப்புறம் அவன் எடுக்கிற முடிவு. அந்த மாமியோட மகளையே கல்யாணம் பண்ணிக்கலாம்னு நினைக்கிறான். இதைப் பெருந்தன்மைன்னு சொல்லிட முடியாது. கணக்குப் பார்க்காம ஒருத்தர் போட்ட சோறு அவன் உடம்புல ரத்தமா ஓடுது, இனிமே அவனாலயும் கணக்குப் பார்க்க முடியலை. நான் வேலை போய் வீட்டுல உட்கார்ந்திருந்தப்ப இதைப் படிச்சேன். அன்னிக்கு மதியம் பசிச்சுச் சாப்பிட்டேன்.

கன்னிமாரா வாசகர்:

வணக்கம் அம்மா. நீங்கள் சமகால எழுத்தைக் கேட்கிறீர்கள், நான் 1970களுக்குப் போகிறேன், மன்னிக்கவும். ஜெயகாந்தனின் 'ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்' படித்திருக்கிறீர்களா? நீங்கள் கேட்ட அத்தனையும் அதில் இருக்கின்றன.

வளர்த்த தந்தை இறந்தபின் ஹென்றி அவருடைய சொந்தக் கிராமத்தைத் தேடி வருகிறான். பூட்டிக் கிடக்கும் ஒரு வீடு, நிலம், சட்டப்படி கேட்கத்தக்க உரிமை எல்லாம் அவனுக்கு உண்டு. எதிரே சித்தப்பா முறையான துரைக்கண்ணு, லாரி ஓட்டுகிற முரட்டு மனிதர். பஞ்சாயத்து கூடுகிறது. சண்டை வெடிக்கப் போகிறது என்று நாம் எதிர்பார்க்கும் இடத்தில், அண்ணன் மகனுக்கு எல்லாவற்றையும் தூக்கிக் கொடுக்கத் துரைக்கண்ணு தயாராகிவிடுகிறார். ஹென்றியோ வீட்டில் குடியிருக்க மட்டும் கேட்கிறான், நிலத்தைத் தொடவில்லை. ஒருவரை ஒருவர் விஞ்சி விட்டுக்கொடுக்கும் அந்தக் காட்சியை எப்போது படித்தாலும் எனக்குக் கண் நிறையும்.

கடையில் கிடைக்காவிட்டால் எழும்பூர் கன்னிமாராவுக்கு வாருங்கள். 1896-ல் திறந்த நூலகம். இந்தியாவில் அச்சாகும் எல்லா நூலிலும் ஒரு படி சட்டப்படி வந்து சேர வேண்டிய நான்கு நூலகங்களில் அதுவும் ஒன்று. மறுபதிப்பு காணாத நாவல்களுக்கு நம் ஊரில் அதைவிட்டால் வேறு கதி இல்லை.

வார்டு விளக்கு:

நான் டயாலிசிஸ் வார்டு நர்ஸ். எந்த ஆஸ்பத்திரின்னு வேண்டாம். எங்க ரூம் மூலையில ஒரு புத்தக அலமாரி வச்சிருக்கோம், நோயாளிங்க எடுத்துப் படிக்கலாம். ஒரு தடவை மெஷின்ல போட்டா சுமார் நாலு மணி நேரம். ஊசி போட்ட கையை அசைக்கக் கூடாது. அதனால முதல் விஷயம், ஒத்தைக் கையால பிடிக்கிற புத்தகமா இருக்கணும். ஆயிரம் பக்க நாவலை யாரும் தொடறதில்லை. இருநூறு பக்கத்துக்குள்ள, கெட்டி அட்டை இல்லாம, எழுத்து கொஞ்சம் பெரிசா இருந்தாத்தான் அலமாரியை விட்டு நகருது.

அடுத்தது, விருது முத்திரையைப் பார்த்து வாங்காதீங்க. இமையத்தோட 'செல்லாத பணம்' 2020-க்கான சாகித்ய அகாடமி வாங்கினது. பெரிய எழுத்து, அதுல எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனா கதையில பெரும்பகுதி ஜிப்மர் தீக்காய வார்டுல நடக்குது. யாரோ நல்ல மனசோட எங்க அலமாரிக்குக் கொடுத்தாங்க. எடுத்துட்டுப் போன ஒரு அம்மா மறுநாளே கொண்டுவந்து என் மேஜையில கவுத்து வச்சாங்க. ஒரு வார்த்தை பேசலை. அவங்க பொண்ணு எப்படிப் போச்சுன்னு எனக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது. ஒருத்தருக்கு நாவல் பரிந்துரைக்கும்போது கதை எந்த இடத்துல நடக்குதுன்னும் சேர்த்துச் சொல்லுங்க, தயவுசெஞ்சு.

தேனாம்பேட்டைத் திண்ணை:

நான் மாறுபடுகிறேன். "தெம்பு தரும் நாவல்" என்று தேட ஆரம்பித்தாலே நாவலை மாத்திரையாக்கிவிடுகிறோம். 'செல்லாத பணம்' உங்கள் வார்டுக்குப் பொருந்தாமல் போகலாம். ஒரு குடும்பம் சாதியையும் பணத்தையும் முன்னிறுத்தி எடுத்த முடிவு ஒரு பெண்ணை எங்கே கொண்டுபோய் விட்டது என்று அதைப்போல் காட்டிய நாவல் அண்மையில் குறைவு. வாழ்க்கைத் தேர்வுகள் பற்றிய நாவல் என்றால் அதுதான் முதலில் நிற்க வேண்டும். வாசகரின் மனம் நோகக் கூடாது என்று எழுத்தாளர் கவலைப்பட ஆரம்பித்தால் உண்மை வெளியே வராது. பெருமாள்முருகனின் 'பூனாச்சி'யில் மழை பொய்த்து அந்த ஆட்டுக்குட்டி படும் பாட்டை மெருகேற்றிச் சொல்லியிருந்தால் அது சிறுவர் கதை ஆகியிருக்கும்.

வார்டு விளக்கு:

திண்ணை சார், எழுத்தாளர் என்ன எழுதணும்னு நான் சொல்லவே இல்லை. யார் கையில எப்போ எதைக் கொடுக்கணும்னுதான் சொல்றேன். அது நூலகர் வேலை, நண்பர் வேலை. உடம்பு தேறினவங்க 'செல்லாத பணம்' படிக்கட்டும், நானே எடுத்துக் கொடுப்பேன். இந்த இழையைத் தொடங்கினவங்க ராத்திரி தூக்கம் இல்லாம இருக்காங்க. அவங்க கேட்டது இலக்கியத் தரவரிசை இல்லை.

ஓஎம்ஆர் ஒன்பதாம் மாடி:

நாரை அக்கா, ஆங்கிலத்துல படிப்பீங்கன்னா மேட் ஹெய்க் எழுதின 'தி மிட்நைட் லைப்ரரி', 2020-ல வந்தது. நோரான்னு ஒரு பொண்ணு, சாவுக்கும் வாழ்வுக்கும் நடுவுல ஒரு நூலகத்துல நிக்கிறா. ஒவ்வொரு புத்தகமும் அவ வேற முடிவு எடுத்திருந்தா வாழ்ந்திருக்கக்கூடிய ஒரு வாழ்க்கை. நீங்க கேட்ட விஷயத்துக்கு நேரடியாப் பொருந்தும். வார்டு விளக்கு அக்கா சொன்ன மாதிரி இடத்தையும் சொல்லிடறேன்: தற்கொலை எண்ணத்துல இருந்துதான் கதை தொடங்குது. அந்த நிலையில இருக்கிற யாருக்கும் தனியாப் படிக்கக் கொடுக்க வேண்டாம்.

ஆனா ஒரு குறை எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. நோரா எல்லா முடிவையும் தனியா எடுக்கிறா. நம்ம வீட்டுல எவன் தனியா முடிவெடுக்கிறான்? அம்மா, தங்கச்சி கல்யாணம், வீட்டு லோன், மாமா என்ன சொல்வாருன்னு எல்லாம் சேர்ந்துதானே ஒரு முடிவு. படிக்கும்போது நல்லா இருந்துச்சு, மூடினதும் நம்ம ஊர்ல ஒட்டலை.

மேற்கு மாம்பலம் குடம்:

ஒன்பதாம் மாடி தம்பி சொன்னதுலதான் விஷயம் இருக்கு. அதைப் பிடிச்சுக்கிட்டுக் கொஞ்சம் நீளமா எழுதறேன்.

அசோகமித்திரனோட 'தண்ணீர்'. சின்னப் புத்தகம், ஒத்தைக் கையால பிடிக்கலாம். நம்ம ஊர்ல குழாய் வறண்ட காலத்துக் கதை. ஜமுனா சினிமாவுல நடிக்கலாம்னு ஒரு ஆளை நம்பி ஏமாந்தவ. தங்கை சாயா கோபக்காரி, அக்காவை விடவும் முடியலை, சகிக்கவும் முடியலை. தெருவே குடத்தைத் தூக்கிக்கிட்டு அடி பம்பு தேடி அலையுது. நடுவுல ஒரு இடத்துல ஜமுனா உயிரை விடப் பார்க்கிறா. (நாரை, இதைத் தெரிஞ்சுக்கிட்டுப் படிங்க.)

அதுக்கப்புறம் வர்ற டீச்சரம்மா பக்கங்களை எத்தனை தடவை படிச்சாலும் எனக்கு அலுக்கலை. பக்கத்துல குடியிருக்கிற அம்மா, பள்ளிக்கூட வேலை, வீட்டுல இருமிக்கிட்டே இருக்கிற வயசான புருஷன், வாய் ஓயாத மாமியார். அந்த அம்மா ஜமுனாவுக்கு ஆறுதல் சொல்லலை. புத்திமதியும் சொல்லலை. தன் கல்யாணம் எப்படி இருந்துச்சுன்னு உள்ளதை உள்ளபடி சொல்றாங்க. குரல் தழுதழுக்கலை. அவ்வளவுதான். கதை மறுபடியும் தண்ணிக்குப் போயிடுது. ஜமுனாவும் கூடப் போறா. இந்த மாற்றத்தை அசோகமித்திரன் ஒரு வரியிலகூட விளக்கலை. சொல்லாம விட்டதாலதான் நம்புறோம்.

2019 கோடையில ஏரியெல்லாம் வறண்டு ஜோலார்பேட்டையிலேர்ந்து ரயில்ல தண்ணி வந்துச்சே, அப்ப எங்க தெருவுல லாரிக்கு வரிசையில நிக்கும்போது இதை மறுபடி படிச்சேன். வரிசையில நின்ன பொம்பளைங்க பேசிக்கிட்டதும் புத்தகத்துல இருந்ததும் ஒண்ணாவே இருந்துச்சு. யாரும் யாருக்கும் தைரியம் சொல்லலை. "நீ போய்க் குழந்தையைப் பாரு, குடத்தை நான் பார்த்துக்கறேன்"னு சொன்னாங்க.

இங்கே இதுவரைக்கும் வந்த கதைகளைப் பாருங்க. கெத்தேல் சாகிபு, துரைக்கண்ணு, டீச்சரம்மா. முடிவெடுக்கிற ஆள் பக்கத்துல இன்னொருத்தர் நிக்கிறார். அறிவுரை சொல்றவர் இல்லை, தன் வேலையைச் செஞ்சுக்கிட்டு இருக்கிறவர். நம்ம எழுத்துல தெம்பு எனக்கு அந்த ரெண்டாவது ஆள்கிட்ட இருந்துதான் வருது. நான் நாவல் தேடும்போது இப்ப நாயகனைப் பார்க்கறதில்லை, அவன் பக்கத்துல யார் இருக்காங்கன்னு பார்க்கிறேன்.

கொரட்டூர் சைக்கிள்:

குடம் அம்மா, அப்படிப் பார்த்தா அதே 'அறம்' வரிசையில வர்ற 'யானை டாக்டர்' கதையும் அதேதான். டாப்சிலிப் காட்டுக்கு வேலைக்கு வர்ற அதிகாரி ஒருத்தர், டாக்டர் கே பக்கத்துல நின்னு பார்த்துப் பார்த்தே மாறுறார். டூரிஸ்ட் வீசிட்டுப் போன பீர் பாட்டில் உடைஞ்சு யானைக் காலுக்குள்ள போயிருக்கும், அதை டாக்டர் எடுக்கிற இடம். அழுகின யானை உடம்புல நெளியுற புழுவைக்கூட அவர் அருவருப்பு இல்லாமக் குழந்தை மாதிரி பார்க்கிறார். வி. கிருஷ்ணமூர்த்தின்னு நிஜமா வாழ்ந்த கால்நடை மருத்துவரை வச்சு எழுதினது. அதைப் படிச்சதுலேர்ந்து காட்டுப் பக்கம் போனா என் கண்ணு தானா தரையில கண்ணாடிச் சில்லு தேடுது.

தேனாம்பேட்டைத் திண்ணை:

இரண்டாவது ஆள் பற்றிய பார்வையை மதிக்கிறேன். ஆனால் பாமாவின் 'கருக்கு'வை அதில் எங்கே வைப்பீர்கள்? 1992-ல் வந்த தன்வரலாற்றுப் புனைவு. ஏழைப் பிள்ளைகளுக்கு உழைக்கலாம் என்று நம்பிக் கன்னியர் மடத்தில் சேர்ந்தவர், அங்கும் சாதியும் வசதியும் ஆள்வதைக் கண்டு வெளியேறுகிறார். கையில் வேலை இல்லை, ஊரில் மதிப்பு இல்லை. பக்கத்தில் நிற்க ஒருவரும் இல்லை. தனியாகத்தான் வருகிறார். எனக்குத் தெரிந்து தமிழில் ஒரு முடிவை இவ்வளவு நேர்மையாக எழுதிய புத்தகம் வேறில்லை. வெளியே வந்தபின் வாழ்க்கை இனித்தது என்று அவர் சொல்லவே இல்லை. இருந்தும் அது தலையை நிமிர்த்துகிறது.

மேற்கு மாம்பலம் குடம்:

'கருக்கு'ல பாட்டியும் அம்மாவும் வர்ற பக்கங்களை மறுபடி பாருங்க சார். விடிகாலையில எழுந்து காடு கரைக்குப் போற அந்தப் பொம்பளைங்க இல்லாம அந்தத் துணிச்சல் வந்திருக்குமா? ஆனா நீங்க சொல்றதுலயும் பாதி சரி. மடத்துக் கதவைத் தாண்டும்போது அவங்க தனிதான். என் கணக்கு எல்லாப் புத்தகத்துக்கும் பொருந்தாது.

பெரம்பூர் லோகோ:

இதெல்லாம் சரி, தெரியாத எழுத்தாளர் புத்தகத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது? நான் செய்யறதைச் சொல்றேன்.

ஜனவரியில நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்துல புத்தகக் காட்சி. எல்லாரும் 10 சதவீதம் தள்ளுபடிக்குப் போறாங்க. எனக்கு அதைவிட முக்கியம், பதிப்பகத்து ஆளே ஸ்டால்ல உட்கார்ந்திருப்பார். சனி ஞாயிறு வேண்டாம், வார நாள்ல மதியம் மூணு மணிக்குப் போங்க. கூட்டம் இருக்காது, பேசுவாங்க. "நல்ல நாவல் எது?"ன்னு கேட்டா புதுசா வந்ததை எடுத்து நீட்டுவாங்க. "எதை ஜனங்க ரெண்டாவது பிரதி வாங்கி இன்னொருத்தருக்குக் கொடுக்கிறாங்க?"ன்னு கேளுங்க. பதில் சட்டுன்னு வரும், பெரும்பாலும் அது ஸ்டால் முகப்புல இருக்கிற புத்தகமா இருக்காது.

பின்னட்டையை நம்ப வேண்டாம். "வாழ்வின் அவலத்தை"ன்னு ஆரம்பிக்கிறதும் "மானுடத்தின் வெற்றியை"ன்னு முடியுறதும் எல்லா அட்டையிலும் இருக்கு. நான் நடுவுல பிரிச்சு ரெண்டு பக்கம் படிப்பேன். முதல் அத்தியாயத்தை எல்லாரும் கவனமா எழுதிடுவாங்க. நடுவுல ரெண்டு பேர் சும்மா பேசிக்கிற பக்கம் உயிரோட இருந்தா வாங்கிடலாம்.

காசு செலவழிக்கத் தயக்கம்னா கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். 2010-ல திறந்தது. தமிழ்ப் பிரிவுல ஒரு நாவலை எடுத்துக்கிட்டு ஜன்னல் ஓரமா உட்கார்ந்து அம்பது பக்கம் படிங்க. மனசு ஒட்டினா வாங்குங்க. திருவல்லிக்கேணி பாரதி சாலை நடைபாதைக் கடைகளையும் விட வேண்டாம். முதல் பக்கத்துல "அன்புத் தங்கைக்கு"ன்னு கையெழுத்துப் போட்ட பழைய பிரதி கிடைச்சா நான் பேரம் பேசறதில்லை. ஒருத்தர் இன்னொருத்தருக்காகத் தேர்ந்தெடுத்த புத்தகம் அது.

திருவான்மியூர் அலை:

பொம்பளைங்க எழுதின நாவல் இந்த இழையில இன்னும் நிறைய வரணும். சு. தமிழ்ச்செல்வியோட 'அளம்' படிங்க நாரை. வேதாரண்யம் பக்கத்து உப்பளம். புருஷன் பிழைப்புக்குக் கடல் தாண்டிப் போயிடறான், சுந்தராம்பாள் மூணு பொண்ணுங்களோட நிக்கிறா. பஞ்சத்துல எந்தக் கீரையைப் பறிக்கலாம், எந்தக் கிழங்கைத் தோண்டலாம்னு அவளுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கு. புனேவா சென்னையாங்கிற மாதிரி ஒரே ஒரு பெரிய முடிவு வராத வாழ்க்கை அது. படிக்கப் படிக்கக் கை வலிக்கும், ஆனா அந்த நாலு பேரும் சேர்ந்து உழைக்கிறதைப் பார்க்கப் பார்க்க உள்ளே ஏதோ உறுதிப்படும்.

ஊரை விட்டுப் போறதைப் பத்தின்னா அ. முத்துலிங்கத்தோட 'கடவுள் தொடங்கிய இடம்'. ஈழத்திலேர்ந்து கனடா நோக்கிப் போற ஒரு பையன் வழியில படுற பாடு. இவ்வளவு துயரமான கதையை இவ்வளவு இதமா எழுத அவரால்தான் முடியும். வளைகுடாவுக்கு வேலைக்குப் போய் மாட்டிக்கிற நஜீப்போட கதை, பென்யாமின் மலையாளத்துல எழுதின 'ஆடு ஜீவிதம்', தமிழ்ல கிடைக்குது, 2024-ல படமாவும் வந்துச்சு. ஆனா அதை இப்ப எடுக்க வேண்டாம். நஜீப் பாலைவனத்துல கிடக்கிற பக்கங்கள் ராத்திரி நேரத்துக்கு ரொம்பக் கொடுமை. பகல்ல, அதுவும் முடிவெடுத்து முடிச்ச பிறகு படிங்க.

பள்ளிக்கரணை நாரை:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியலை. 'சோற்றுக்கணக்கு' முதல் ராத்திரியே படிச்சிட்டேன். 'தண்ணீர்' இப்பதான் முடிச்சேன். குடம் அம்மா, அந்த டீச்சரம்மா பக்கத்தை அம்மாவுக்கு வாய்விட்டுப் படிச்சுக் காட்டினேன். அம்மா கேட்டுட்டு, நான் பொறந்த வருஷம் அவங்களுக்கு மதுரையில வேலை கிடைச்சதையும், போகாம விட்டதையும் சொன்னாங்க. இத்தனை வருஷத்துல இதை ஒரு தடவைகூட என்கிட்ட சொன்னதில்லை. வருத்தப்பட்டுச் சொன்ன மாதிரியும் இல்லை, "போயிருந்தாலும் சமாளிச்சிருப்பேன்"னாங்க. அதுக்கப்புறம்தான் நாங்க ரெண்டு பேரும் புனேவைப் பத்தி உட்கார்ந்து பேசினோம். முடிவு இன்னும் ஆகலை, பேச்சு ஓடுது.

அடுத்து 'அளம்' தேடுறேன். கேட்ட ரெண்டு கடையிலயும் ஸ்டாக் இல்லைன்னுட்டாங்க.

கன்னிமாரா வாசகர்:

அம்மா, கடைக்காரரிடம் நிறுத்திவிடாதீர்கள். பதிப்பகத்துக்கே தொலைபேசியில் கேளுங்கள். இப்போதெல்லாம் சிறிய எண்ணிக்கையில்தான் அச்சிடுகிறார்கள், தீர்ந்ததும் கேட்பவர் இருந்தால் மீண்டும் அச்சிடுகிறார்கள். கேட்பவர் இருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். உங்களைப்போல் நான்கு பேர் கேட்டாலே மறுபதிப்புக்கு வாய்ப்பு உண்டு.

ஆவடி அவசரம்:

இழைக்குப் புதுசு, ஒரு சந்தேகம். எங்க மாமியாருக்குச் சர்க்கரையால பார்வை மங்கிடுச்சு. நிறையப் படிச்சவங்க, இப்ப டிவி ஓடுற ரூம்ல சும்மா உட்கார்ந்திருக்காங்க. அவங்களுக்கு இதுல எதையாவது கொண்டுபோக வழி உண்டா?

வார்டு விளக்கு:

உண்டுங்க. யூடியூப்ல பவா செல்லதுரை கதை சொல்ற காணொளிகள் நிறைய இருக்கு. திருவண்ணாமலைக்காரர், புத்தகத்தைப் பார்த்துப் படிக்காம உட்கார்ந்து கதையாவே சொல்வார். எங்க வார்டுல ரெண்டு தாத்தாக்கள் காதுல மாட்டிக்கிட்டுக் கேட்பாங்க. போனை நீங்களே போட்டுக் கொடுத்துட்டு, முதல் நாள் கூட உட்காருங்க. கதை முடிஞ்சதும் என்ன நடந்துச்சுன்னு அவங்களைச் சொல்லச் சொல்லிக் கேளுங்க, அவங்களுக்கு அது பிடிக்கும். கோட்டூர்புரம் நூலகத்துல பார்வை இல்லாதவங்களுக்குத் தனிப் பிரிவு இருக்கு, தரைத்தளம்தான், படி ஏற வேண்டியதில்லை. முதல்ல போன் பண்ணி என்னென்ன ஒலி நூல் இருக்குன்னு விசாரிச்சுட்டுக் கூட்டிட்டுப் போங்க.

ஆவடி அவசரம்:

ரொம்ப நன்றி அக்கா. சனிக்கிழமை கூட்டிட்டுப் போறேன்.